பூண்டு நசுக்கி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ரசம், மீன் குழம்பு, சம்பல், பிரியாணி என எதைச் சமைத்தாலும் பூண்டு இல்லாமல் நம் அடுப்படியில் வேலை நடப்பதில்லை. ஆனால், வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புபவருக்குப் பத்துப் பல் பூண்டை உரித்து நறுக்குவதற்குள் பொறுமை போய்விடும். விரல் மூட்டுகளில் வலி உள்ள மூத்தோருக்கோ அது சலிப்பு மட்டுமன்று, வேதனையும்கூட.

கையளவே உள்ள பூண்டு நசுக்கி இதற்கு ஒரு வழி. பேரங்காடிகளிலும் பாத்திரக் கடைகளிலும் ‘கார்லிக் பிரஸ்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு கைப்பிடிகள், பூண்டு வைக்க ஒரு சிறு கிண்ணம், கிண்ணத்தின் அடியில் துளைகள், மேலிருந்து அழுத்த ஒரு கட்டை. அவ்வளவுதான் அதன் அமைப்பு.

எளிய கருவிதான் என்றாலும் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. கைப்பிடி வளைவது, துளை அடைத்துக்கொள்வது, கழுவ முடியாமல் போவது என ஏதாவதொரு தொல்லையால் இழுப்பறையின் மூலையில் முடங்கிவிடும் நசுக்கிகள் ஏராளம். வாங்குமுன் சிலவற்றைக் கவனித்தால் அந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

தட்டுவதும் நசுக்குவதும் ஒன்றல்ல

பூண்டைக் கையாள்வதற்குத் தமிழில் பல வினைச்சொற்கள் உண்டு. நறுக்குவது, கீறுவது, தட்டுவது, நசுக்குவது, இடிப்பது, அரைப்பது என ஒவ்வொன்றும் வேறு வேலை. ஒவ்வொன்றிலும் சுவையும் மாறும். அதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது.

முழுப் பூண்டுக்கு அவ்வளவாக வாசம் இல்லை. அதன் உயிரணுக்களில் அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனியே இருக்கின்றன. பூண்டு உடையும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உருவாகிறது. மூக்கைத் துளைக்கும் வாசத்துக்கும் நாவில் ஏறும் காரத்துக்கும் அதுவே காரணம். அல்லிசினை 1944ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிரித்தெடுத்தவர்கள் செஸ்டர் கவாலிட்டோ, ஜான் பெய்லி என்ற இரு ஆய்வாளர்கள்.

எவ்வளவு நுண்மையாக உடைக்கிறோமோ அவ்வளவு உயிரணுக்கள் சிதையும். காரமும் அந்த அளவுக்குக் கூடும். முழுப் பல்லாக வேகவைத்தால், உடையும் முன்பே வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். பூண்டுக் குழம்பில் முழுப் பூண்டு காரமின்றி இனிப்பாக, வெண்ணெய்போல் இருப்பது அதனால்தான்.

நசுக்கி பூண்டைச் சல்லடைத் துளைகளின் வழியே பிழிந்து தள்ளுகிறது. எனவே, கத்தியால் நறுக்கிய பூண்டைவிட நசுக்கியில் பிழிந்த பூண்டு காரம் கூடியது. நறுக்கிப் போட்டு நான்கு பல் சேர்த்தவர்கள், நசுக்கிக்கு மாறும்போது முதலில் இரண்டு அல்லது மூன்று பல்லோடு நிறுத்திச் சுவை பார்ப்பது நல்லது.

எந்தச் சமையலுக்கு ஏற்றது?

பூண்டு பச்சையாகவோ கடைசி நேரத்திலோ சேரும் உணவுகளுக்கு நசுக்கி மிகவும் பொருத்தம். தயிர்ப் பச்சடி, பூண்டு வெண்ணெய், சாலட் சாறு, கோழிச் சோற்றுக்கான மிளகாய்ச் சாறு போன்றவற்றில் பூண்டுத் துண்டு பல்லில் கடிபடாமல் சீராகக் கலந்துவிடும். இறைச்சியை மசாலாவில் ஊறவைக்கும்போதும் பூண்டு எங்கும் ஒட்டிக்கொள்ளும்.

ரசத்துக்கு அது தேவையில்லை. மிளகு, சீரகத்துடன் பூண்டைத் தோலோடு ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுவதில்தான் ரசத்தின் வாசம் இருக்கிறது. பிழிந்த பூண்டைப் போட்டால் ரசம் கலங்கி, பூண்டின் நெடி மற்றதை எல்லாம் அமுக்கிவிடும். பிள்ளை பெற்றவர்களுக்கான பத்தியக் குழம்புக்கும் முழுப் பல்தான் வழக்கம்.

தாளிப்பில் எச்சரிக்கை தேவை. பிழிந்த பூண்டு மிக நுண்மையானது, ஈரமும் சர்க்கரையும் கொண்டது. காய்ந்த எண்ணெய்யில் நேரடியாக விழுந்தால் சில விநாடிகளில் கருகிக் கசந்துவிடும். வெங்காயம் வதங்கி, அதன் ஈரம் சட்டியில் இருக்கும்போது தணலைக் குறைத்துச் சேர்ப்பதே முறை. கங்கோங் கீரை பிரட்டல் போன்ற, பெருந்தீயில் சட்டெனச் செய்யும் உணவுகளுக்கு நறுக்கிய அல்லது தட்டிய பூண்டே பாதுகாப்பு.

பிழிந்ததும் அடுப்பில் போடாமல் சுமார் 10 நிமிடம் ஆறவிடலாம் என்றும் சொல்லப்படுவதுண்டு. நொதி தன் வேலையைச் செய்து முடிக்க அந்த இடைவெளி உதவுகிறது. பூண்டை முதலில் பிழிந்து வைத்துவிட்டு வெங்காயம், தக்காளி நறுக்கினால் தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும்

இன்று நாம் அறிந்த பூண்டு நசுக்கியை உருவாக்கியவராகச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் சிசெட் குறிப்பிடப்படுகிறார். அவர் நிறுவிய ‘சிலிஸ்’ சமையல் கருவி நிறுவனத்தின் பெயரே அவரது குடும்பப் பெயரையும் லிஸ் என்ற ஊரின் பெயரையும் சேர்த்து அமைந்தது.

சமையல் உலகில் எல்லாரும் இதை வரவேற்றுவிடவில்லை. பூண்டு நசுக்கிகள் சற்றும் பயனற்றவை என்று தலைப்பிலேயே சொல்லிக் கட்டுரை எழுதினார் பிரிட்டிஷ் சமையல் எழுத்தாளர் எலிசபெத் டேவிட். அமெரிக்கச் சமையல் கலைஞர் ஆண்டனி போர்டேய்னும் 2000ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் அதைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். பூண்டின் சுவையை அது முரடாக்கிவிடுகிறது என்பது இத்தகைய விமர்சகர்களின் குறை.

அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், கத்தியை நாள்தோறும் கையாளும் சமையல் கலைஞர்களின் தேவை வேறு. அரை மணி நேரத்தில் இரவு உணவைத் தயார்செய்ய வேண்டிய குடும்பத்தின் தேவை வேறு.

எந்த உலோகம் நல்லது?

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. எவர்சில்வர், வார்ப்பு அலுமினியம், குரோமியப் பூச்சு பூசிய துத்தநாகக் கலவை, பிளாஸ்டிக்.

எவர்சில்வர் நசுக்கி கனமானது, விலையும் சற்றுக் கூடுதல். ஆனால் எளிதில் வளையாது, பூச்சு உரியும் கவலை இல்லை, பாத்திரங்கழுவி இயந்திரத்திலும் போடலாம். அன்றாடம் பயன்படுத்தும் வீடுகளுக்கு இதுவே நீண்டநாள் உழைக்கும்.

அலுமினியம் எடை குறைவு. கைக்கு இதமாக இருக்கும். ஆனால், பாத்திரங்கழுவியில் போடும் சவர்க்காரத்தின் காரத்தன்மை பட்டால் மங்கிக் கறுத்துவிடும். அலுமினிய நசுக்கி வாங்குவோர் அதைக் கையால்தான் கழுவ வேண்டும். சோடா மாவு போட்டு ஊறவைப்பதும் கூடாது.

குரோமியப் பூச்சு உள்ளவை கடையில் பளபளக்கும். உராய்வு அதிகமான துளைப் பகுதியில் நாளடைவில் பூச்சு உரியக்கூடும். உரியத் தொடங்கிய நசுக்கியைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் மாற்றிவிடுவது நல்லது. எவர்சில்வரா, பூச்சா என்று தெரியாவிட்டால் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆனவை கடினமான பூண்டை அழுத்தும்போது நெளியும். எப்போதாவது ஒரு பல் பிழிபவர்களுக்கு மட்டுமே அவை போதும்.

கைப்பிடி நீளமா, குட்டையா?

பூண்டு நசுக்கி ஒரு நெம்புகோல். கீல் ஒரு முனையில், கை மறுமுனையில், பூண்டு நடுவில், கீலுக்குப் பக்கத்தில். பாக்குவெட்டியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

கீலிலிருந்து பூண்டு 3 சென்டிமீட்டர் தள்ளியும் கை 15 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால் கை கொடுக்கும் விசை ஐந்து மடங்காகப் பூண்டின்மேல் இறங்கும். கை 18 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஆறு மடங்கு. ஆக, கைப்பிடி நீளமாகவும் கிண்ணம் கீலுக்கு நெருக்கமாகவும் இருந்தால் குறைந்த பலமே போதும்.

ஆனால், கைப்பிடி நீள நீளத் திறந்த நிலையில் இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள அகலமும் கூடும். சிறிய கை உள்ளவர்களால் அதை எட்டிப் பிடிக்க முடியாது. முனை மெல்லியதாக இருந்தால் உள்ளங்கையில் அழுந்தி வலிக்கும். அகலமான, வளைந்த, ரப்பர் உறை போட்ட கைப்பிடி அழுத்தத்தைப் பரப்பிவிடும்.

முழுக்க மூடும்போது இரண்டு கைப்பிடிகளுக்கும் இடையில் ஒரு விரல் அளவாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைத்தோல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

கிண்ணமும் துளைகளும்

அழுத்தும் கட்டை கிண்ணத்துக்குள் சரியாகப் பொருந்துகிறதா என்பதே முக்கியம். சுற்றிலும் இடைவெளி அதிகம் இருந்தால், பூண்டு துளை வழியே கீழே இறங்காமல் பக்கவாட்டில் மேலேறிப் பிதுங்கும். பாதிப் பூண்டு வீணாகும், கழுவுவதும் இரட்டை வேலை.

இரண்டு மூன்று பல் கொள்ளும் கிண்ணம் சராசரிக் குடும்பத்துக்குப் போதுமானது. பெரிய கிண்ணத்தை நிரப்பினால் அழுத்தப் பலமும் அதிகம் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

துளைகள் மிகச் சிறியவையாக இருந்தால் கூழாக வரும், அடைப்பும் அதிகம். சற்றுப் பெரியவையாக இருந்தால் சிறு துருவல்போல் விழும். கிண்ணத்தின் அடிப்பரப்பு முழுவதும் துளைகள் நெருக்கமாக இருந்தால், பூண்டு தேங்காமல் இறங்கும்.

சிலவற்றில் கிண்ணத்தைத் தனியே வெளியே மடக்கிக் கழுவலாம். வேறு சிலவற்றில், கைப்பிடியை எதிர்ப்பக்கம் மடக்கினால் சிறு முட்கள் துளைகளுக்குள் புகுந்து அடைப்பை வெளியே தள்ளும். இரண்டில் ஏதாவது ஒன்று இருப்பது நல்லது. கழற்றக்கூடிய சிறு பாகங்கள் அதிகம் உள்ளவற்றைத் தவிர்க்கலாம். அவை எளிதில் தொலைந்துவிடும்.

கடையிலேயே சோதிக்கலாம்

வாங்குமுன் ஒரு நிமிடம் செலவிட்டால் போதும்.

* கைப்பிடியை முழுக்கத் திறந்து, ஒரே கையால் எட்டிப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்கவும். பயன்படுத்தப் போகிறவரே பிடித்துப் பார்ப்பது நல்லது.

* மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கட்டையைச் சுற்றி இடைவெளி எவ்வளவு என்று பார்க்கவும்.

* கைப்பிடிகளைப் பக்கவாட்டில் மெல்ல அசைக்கவும். கீல் ஆடினால் சில மாதங்களில் கட்டை கோணலாக இறங்கத் தொடங்கும்.

* துளைகளின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவும். பிசிறு இருந்தால் வேண்டாம்.

* கிண்ணத்தின் மூலைகளில் பல் துலக்கும் தூரிகை புகுமா என்று யோசிக்கவும். புகாத இடத்தில் அழுக்கு தங்கிவிடும்.

இணையத்தில் வாங்குவோர் படத்தை மட்டும் நம்பாமல், எந்த உலோகம், எவ்வளவு நீளம், திருப்பிக் கொடுக்க முடியுமா என்ற மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டுவலி உள்ளோருக்கு

விரல், மணிக்கட்டு மூட்டுகளில் வலி உள்ளவர்களுக்கு இறுக்கிப் பிடிக்கும் வேலையே சிரமம். அவர்களுக்கு நீண்ட, தடித்த கைப்பிடி உள்ள நசுக்கி ஓரளவு உதவும். ஒரு நேரத்தில் ஒரு பல் மட்டும் வைத்து, பெரிய பல்லை இரண்டாக வெட்டிப் போட்டால் அழுத்தம் குறையும். இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்துவதும் நல்லது.

அதுவும் முடியாதவர்கள் வளைந்த தகடு வடிவில் வரும் நசுக்கியைப் பார்க்கலாம். பலகைமேல் பூண்டை வைத்து, தகட்டின் இரு முனைகளையும் பிடித்துத் தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆட்டினால் பூண்டு துளைகள் வழியே மேலே வரும். விரல் பலத்துக்குப் பதிலாக உடல் எடையே அழுத்திக் கொடுக்கும். உட்கார்ந்துகொண்டு செய்வதைவிட நின்றுகொண்டு செய்வது எளிது.

மூடியைத் திருகி அரைக்கும் உருண்டை வடிவக் கருவிகள் மணிக்கட்டை முறுக்க வைப்பதால் இவர்களுக்கு ஏற்றவையல்ல.

மலாயில் லெசுங் எனப்படும் கல் உரல் இன்றும் பல வீடுகளில் உண்டு. சம்பலுக்கும் மசாலாவுக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால், கல்லின் எடையைத் தூக்கிக் கழுவுவது மூத்தோருக்கு எளிதன்று. அடுக்குமாடி வீட்டில் இடிக்கும் ஓசை கீழ் வீட்டுக்கும் கேட்கும். உரலுக்கு அடியில் தடித்த துணியை மடித்துப் போட்டால் ஓசை குறையும்.

தோலோடு போடலாமா?

நல்ல நசுக்கியில் தோல் உரிக்காமலேயே பூண்டைப் பிழியலாம். சதை துளை வழியே இறங்கிவிடும், தோல் கிண்ணத்திலேயே தங்கும். உரித்த பூண்டைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும், தோலை இழுத்தால் எச்சமும் சேர்ந்து வந்துவிடுவதால் கழுவுவது எளிது. தோலில் மண்ணோ பூஞ்சையோ இருந்தால் உரித்துவிட வேண்டும்.

இங்குள்ள சந்தைகளில் விற்கும் சீனப் பூண்டின் பல் பெரியது, உரிப்பதும் எளிது. சிறு பல் கொண்ட நாட்டுப் பூண்டை உரிக்க நேரம் எடுக்கும் என்பதால் அதற்குத்தான் நசுக்கி அதிகம் கைகொடுக்கும். ஒற்றைப் பல் பூண்டைப் பாதியாகவோ காலாகவோ வெட்டாமல் வைத்தால் கைப்பிடி வளையக்கூடும்.

இஞ்சிக்கு இது அவ்வளவு உகந்ததன்று. நார் துளைகளில் சிக்கிக்கொள்ளும். இளம் இஞ்சியாக இருந்தால் நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் போட்டுச் சாறு எடுக்கலாம்.

உடனே கழுவுவதே உத்தி

பூண்டுச் சாறு காய்ந்தால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பிழிந்த கையோடு வெதுவெதுப்பான நீரில் காட்டினால் பாதி வேலை முடிந்தது. உடனே கழுவ நேரமில்லையென்றால் தண்ணீரில் போட்டுவைக்கலாம்.

பழைய பல் தூரிகை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கலாம். துளைகளை உள்ளிருந்து தேய்ப்பதைவிட வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தேய்த்தால் எச்சம் எளிதில் வெளியேறும். கழுவியபின் திறந்த நிலையில் காயவைக்க வேண்டும். நமது ஈரப்பதமான பருவநிலையில், மூடியபடி இழுப்பறையில் போட்டால் நாற்றமும் பூஞ்சையும் வரும்.

பிழிந்ததை எண்ணெய்யில் போட்டு வைக்காதீர்கள்

நசுக்கி வந்தபின், ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் பிழிந்து, எண்ணெய் ஊற்றிப் போத்தலில் வைக்கத் தோன்றும். அந்தப் போத்தலை அடுப்பருகே வெளியில் வைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மண்ணிலுள்ள கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் பூண்டிலும் ஒட்டியிருக்கக்கூடும். பூண்டில் புளிப்பு குறைவு, எண்ணெய்யோ காற்றைத் தடுத்துவிடும். புளிப்பும் காற்றும் இல்லாத இடத்தில், அறை வெப்பநிலையில் அந்தக் கிருமி வளர்ந்து நரம்பைத் தாக்கும் நச்சை உருவாக்கும். நிறம், மணம், சுவை எதிலும் மாற்றம் தெரியாமலே இருக்கலாம்.

இது ஏட்டளவிலான பயமன்று. 1985ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நச்சால் பாதிக்கப்பட்டனர். எண்ணெய்யில் போட்டு, குளிரூட்டாமல் வைத்த நறுக்கிய பூண்டே அதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது.

வீட்டில் எண்ணெய் சேர்த்த பூண்டையும், எண்ணெய் ஊற்றி வைத்த இஞ்சிப் பூண்டு விழுதையும் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவான குளிரில் வைத்து, நான்கு நாள்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்குமேல் வேண்டுமென்றால் பனிக்கட்டித் தட்டில் சிறு கட்டிகளாக உறையவைத்து, தேவைக்கு ஒன்றிரண்டாக எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் விழுதில் பொதுவாகப் புளிப்பு சேர்த்திருப்பார்கள். அதையும் திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

பார்வை மங்குதல், இமை தொங்குதல், நா குழறல், விழுங்கச் சிரமம், தசைத் தளர்ச்சி போன்றவை தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிழிந்த பூண்டு எலுமிச்சையோ வினிகரோ பட்டுச் சில நேரம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வினைபுரிவதால் வரும் நிறம் அது, தீங்கில்லை.

யாருக்குத் தேவை?

நாளுக்கு இரண்டு முதல் ஆறு பல் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குப் பூண்டு நசுக்கி நல்ல துணை. கத்தி பிடிக்கத் தயங்குபவர்களும், சமையல் பழகும் பிள்ளைகளும் விரலை வெட்டிக்கொள்ளும் பயமின்றி இதைக் கையாளலாம். வலியால் சமையலைக் குறைத்துக்கொண்ட மூத்தோர் சிலருக்கு மீண்டும் தாமே சமைக்கும் வாய்ப்பைத் தரக்கூடும்.

விருந்துக்கு அரைக் கிலோ பூண்டு வேண்டுமென்றால் மின்னரைப்பானே சரி. வாரத்துக்கு ஒருமுறை சமைப்பவர்களுக்குக் கத்தியின் பட்டைப் பகுதியால் தட்டினாலே போதும்.

வாங்குவதாக முடிவுசெய்தால், மலிவான ஒன்றை ஆண்டுதோறும் மாற்றுவதைவிட, உறுதியான எவர்சில்வர் நசுக்கி ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதே சிக்கனம்.